மாரியை வைத்துப் போடும் ஆட்டுக் கணக்கு

ஆடு வளர்க்க நினைக்கிறவர்கள் எங்கள் வளவுக்கு வந்தால் முதலில் கேட்பது, "என்ன இனம் வாங்கலாம்?" என்றுதான். ஜமுனாபாரியா, போயர் கலப்பா, நாட்டாடா என்று நீளமாகப் பேசுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "மாரிக்கு ஆட்டை எங்க கட்டப் போறீங்க?"

மட்டக்களப்பில் ஒரு வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் ஆடு தன்பாட்டில் மேய்ந்து திரியும், நாம் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மாரியில் அப்படியில்லை. குட்டி சாவது, கழிச்சல், இருமல், குளம்பு அழுகல் எல்லாம் அந்த மாதங்களில்தான் வரிசை கட்டி வரும். அதனால் எங்கள் வளவில் ஆட்டு வேலை எதுவென்றாலும் மாரியை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் எண்ணித்தான் செய்கிறோம். கிடாயைச் சேர்ப்பது, குழை காயவைப்பது, பூச்சி மருந்து கொடுப்பது, விற்பது எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

நாங்கள் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வளவு அம்மா வழியில் எனக்கு வந்தது. இங்கே வீடும் வளவும் பெண் பிள்ளைக்குப் போவதுதான் வழமை. வீட்டுக்காரர் வயலைப் பார்க்கிறார். ஆடும் மேட்டுப் பயிரும் என் கையில். இருபதுக்குக் கிட்டிய உருப்படிகள், அநேகமாக நாட்டாடு, சில ஜமுனாபாரி கலப்பு. கலப்பு ஆடு உயரமாக வளரும், பாரமும் வரும், காது தொங்க நிற்கிற அழகே தனி. ஆனால் ஈரம் பட்டால் முதலில் இருமத் தொடங்குவதும் அதுதான். கிடாயில் கலப்பு இரத்தம் கொஞ்சம் இருக்கட்டும், மறிகள் (பெட்டை ஆடுகள்) நாட்டு மறிகளாகவே இருக்கட்டும் என்பது என் முடிவு. அந்தக் கிடாயையும் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. வைத்திருந்தால் அது தன் மகள்களோடேயே சேரும், குட்டிகள் சிறுத்துப் போகும்.

கொட்டிலில்தான் காசைப் போட வேண்டும். ஆடு குளிரைத் தாங்கும், பசியையும் ஓரளவு தாங்கும். காலுக்குக் கீழே ஈரமும் உடம்பில் காற்றும் சேர்ந்தால் தாங்காது. நிலத்திலிருந்து குறைந்தது மூன்று அடி உயரத்தில் பரண் போட்டுக்கொள்ளுங்கள். கீழே மண்வெட்டி போட்டுப் பிழுக்கையை இழுத்தெடுக்க இடம் வேண்டும். பலகைக்குப் பலகை இடைவெளி அரை அங்குலம் போதும். கூடினால் குட்டியின் கால் உள்ளே போய் முறியும், குறைந்தால் பிழுக்கை விழாது, சலம் (மூத்திரம்) தேங்கும். தென்னஞ் சட்டம் எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி கணக்கு வையுங்கள். கொட்டிலுக்குள் குனிந்து நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் இராத்திரி முழுக்க அங்கே படுக்கிற ஆட்டின் நெஞ்சும் எரியும். சளிக்குப் பாதிக் காரணம் அந்தச் சலத்தின் காரம்தான்.

திசையும் முக்கியம். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சாரலோடு அடிக்கும். அந்தப் பக்கத்தைக் கிடுகாலோ தகரத்தாலோ நன்றாக அடைத்துவிட வேண்டும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அனலாக வரும். அந்தக் காலத்தில் அடைப்பை அவிழ்த்து, காற்று உள்ளே நுழைந்து வெளியேற விட வேண்டும். நாலு பக்கமும் மதில் மாதிரிக் கட்டிவிட்டு ஆடு இருமுகிறது என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2022 டிசெம்பரில் மண்டூஸ் புயல் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடு, எருமை, ஆடுகள் செத்தன. நோய் ஏதும் பரவிவிட்டதோ என்று முதலில் எல்லோரும் பயந்தார்கள். பிறகுதான் குளிர் என்று தெரிந்தது. அன்றைக்கு இங்கே வீசியது பழக்கப்பட்ட வாடை இல்லை, எலும்பு வரை போகிற காற்று. மழையும் நிற்கவில்லை. மேய்ச்சல் தரையில் வெட்ட வெளியில் நின்ற பட்டிகளுக்குத்தான் பெரிய அடி. நனைந்த உரோமம், நிற்காத காற்று, வெறும் வயிறு. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் சூட்டு நாட்டு விலங்கு நிற்காது.

அன்று பின்னேரம் மாமி முற்றத்தில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "மனெ, ஆட்ட முதல்ல உள்ளுக்கு ஏத்து, மறுகா சோத்தப் பாப்பம்." ஏற்றினோம். ஒவ்வொன்றையும் சாக்கால் அழுத்தித் துடைத்தோம். குட்டிகளை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வந்தோம். பிறகு காய்ந்த கச்சான் (நிலக்கடலை) கொடியை அள்ளி அள்ளிப் போட்டோம். ஆட்டுக்கு அதுதான் அடுப்பு. நார்த்தீன் வயிற்றில் புளித்துச் செரிக்கும்போது சூடு பிறக்கும். அந்தச் சூட்டில்தான் அது இரவைக் கடத்தும். பச்சைப் புல்லில் தண்ணீர்தான் அதிகம், குளிர் நாளில் அது வயிற்றை நிரப்பும், சூடு தராது. வெல்லம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொடுத்தோம். பக்கத்துக் கிராமங்களில் பட்டியோடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவனமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. மாட்டுப் பட்டியை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டு வர முடியாது. ஆட்டை முடியும். ஆடு வளர்க்கிறவனுக்கு இருக்கிற பெரிய வசதி அது.

இனி கிடாய்க் கணக்கு. மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். எங்கள் ஆடுகள் வருடம் முழுக்கவும் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை சூட்டுக்கு வரும். கிடாயை அவிழ்த்து விட்டுவிட்டால் குட்டிகள் எந்த மாதத்திலும் பிறக்கும், நவம்பரிலும் டிசெம்பரிலும்கூட. இரண்டு கிலோ எடையில், நனைந்த உடம்போடு, வாடைக்குள் ஒரு குட்டி பிறந்து பிழைப்பது பெரும்பாடு. அதனால் ஜூன் தொடங்கி ஓகஸ்ட் நடுப்பகுதி வரை கிடாயை மறிகளிடமிருந்து பிரித்துத் தனியே கட்டுகிறேன். செப்டெம்பர், ஒக்டோபரில் சேர்த்தால் குட்டிகள் பெப்ரவரி, மார்ச்சில் விழும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், எங்கும் குழையும் புல்லும் நிற்கும். தாய்க்குக் கடைசி ஆறு வாரத்தில்தான் வயிற்றுக் குட்டி வேகமாக வளரும். அந்த வாரங்களும் பச்சை நிற்கிற நேரமாக அமைந்துவிடும். மாரிக் குட்டிகளையும் இந்தக் குட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்லமாட்டீர்கள்.

குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புளுக்கு அயடின் தடவி, ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பாலைக் குடிக்க வைத்துவிட வேண்டும். முதல் பால் கனதி என்று பீய்ச்சி ஊற்றிவிடுகிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வருவது அந்தப் பாலில்தான். நேரம் போகப் போகக் குட்டியின் குடல் அதை உள்ளே எடுக்காது.

மாரியில் ஆட்டைக் கொல்கிறவற்றில் முதலிடம் குடற்புழுவுக்கு. இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கிற புழு ஒன்று இருக்கிறது. அதன் முட்டை பிழுக்கையோடு வெளியே விழும், ஈரத்தில் பொரிக்கும், ஒரு கிழமைக்குள் ஆட்டுக்குத் தொற்றுகிற பருவத்துக்கு வந்துவிடும். பிறகு பனி ஈரத்தில் ஊர்ந்து புல்லில் ஏறும். ஆனால் உயரம் ஏறாது, அடியிலிருந்து சில அங்குலம்தான். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். காலையில் பனி காயுமுன் அவிழ்க்க வேண்டாம், ஒன்பது மணியாகட்டும். ஒரே இடத்தில் தரையோடு கரண்ட விட வேண்டாம். குழையை நிலத்தில் போடாமல் ஆட்டின் முகத்துக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டின் இயல்பே அண்ணாந்து தின்பதுதான். மிதித்த இலையை அது முகர்ந்தும் பார்க்காது. தொங்கவிட்டால் புழுவும் குறையும், குழையும் வீணாகாது.

கீழ் இமையை விரலால் இழுத்து உள் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. வெளிறிப் போயிருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பூச்சி மருந்தை ஆட்டின் எடைக்குச் சரியாகக் கொடுக்க வேண்டும், கண்மட்டத்தில் குறைத்துக் கொடுத்தால் சாகாமல் தப்பிய புழு மருந்துக்குப் பழகிவிடும். செப்டெம்பர் கடைசியில், மழைக்கு முன் ஒருமுறை எல்லாவற்றுக்கும் கொடுக்கிறோம். மழை தொடங்கிய பிறகு எவற்றுக்கு, எந்த மருந்து என்பதை வைத்தியரைக் கேட்டுத்தான்.

மாடு நிறைய இருக்கிற எங்கள் மாவட்டத்தில் இன்னொரு வருத்தம் உண்டு. நேற்று வரை துள்ளின ஆடு இன்று பின்காலை இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் சாயும், பிறகு எழும்பாது. செய்வினை என்று கழிப்புக் கழித்தவர்களையும் தெரியும். உண்மையில் இது மாட்டின் வயிற்றறையில் வாழ்கிற ஒரு நூற்புழு. மாட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. நுளம்பு மாட்டைக் கடித்துவிட்டு ஆட்டைக் கடித்தால், புழுவின் குஞ்சு ஆட்டின் உடம்பில் வழி தவறி முள்ளந்தண்டுக்கோ மூளைக்கோ போய்விடும். மழை ஓய்ந்து நுளம்பு பெருகுகிற நேரத்தில்தான் இதை அதிகம் காண்கிறோம். ஆட்டுக் கொட்டிலை மாட்டுப் பட்டியிலிருந்து எட்ட வைப்பது, பின்னேரத்தில் வேப்பங்குழை போட்டுப் புகை பிடிப்பது, முடிந்தால் வலை அடிப்பது, இவ்வளவும் செய்யலாம். கால் தடுமாறுகிறது என்று கண்ட அன்றே ஊசி போட்டால் தேறுகிற வாய்ப்பு உண்டு. விழுந்து படுத்த பிறகு மிகக் கடினம்.

தீனிக்கு நாங்கள் கடையை நம்புவதில்லை, வேலியை நம்புகிறோம். வளவைச் சுற்றிக் கிளிசரியாக் கதியால். முதல் மழை விழுந்து மண் நனைந்ததும் ஐந்தாறு அடித் தடியை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். முதல் வருடம் கை வைக்காமல் விடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொக்கத்தடியால் குழை இழுக்கலாம். அதன் மணம் புதிதாக வந்த ஆட்டுக்குப் பிடிக்காது; முதல் நாள் வெட்டி வாடவிட்டு மறுநாள் கொடுத்தால் பழகிவிடும். இபில் இபில் குழையும் நல்லது, ஆனால் அதையே முழுத் தீனியாக்கினால் உரோமம் கொட்டும், மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். நடுநடுவே பூவரசு, முருங்கை, பலா, ஆல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஆடு சலிக்காமல் தின்னும்.

மாரித் தீனியை ஓகஸ்டிலேயே சேர்க்கத் தொடங்கிவிடுகிறோம். கிணற்றுத் தண்ணீரில் போட்ட கச்சானை அந்த நேரத்தில் பிடுங்குவோம். கொடியை இரண்டு மூன்று வெயில் காயவைத்து மச்சில் ஏற்றிவிடுவோம். கிளிசரியா இலையையும் உருவிக் காயவைத்துச் சாக்கில் கட்டுவோம். பூஞ்சணம் பிடித்த கச்சான் கொடியை மட்டும் இரக்கப்படாமல் எரித்துவிடுங்கள், அதில் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு இருக்கும். முதல் மழைக்கு முளைக்கிற இளம் புல்லைக் கண்டு ஆடு பாய்ந்து தின்னும். காலையில் ஒரு பிடி காய்ந்த தீனி போட்டுவிட்டு அவிழ்த்தால் வயிறு ஊதாது.

இதில் யானைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எங்கள் பக்கம் யானை வருகிற இடம். நெல், தவிடு, உப்பு இந்த மூன்றின் மணத்துக்கும் சுவரை உடைக்கும். ஆட்டுக் கொட்டிலோடு சேர்த்துத் தவிட்டு மூட்டை அடுக்குவது ஆட்டையே பணயம் வைப்பது. மூட்டையை வேறிடத்தில், மூடிய பீப்பாய்க்குள் வையுங்கள். வெள்ளம் ஏறினால் வெங்கிணாந்தியும் (மலைப்பாம்பு) மேடு தேடி வரும், பரணுக்குக் கீழே இராத்திரியில் ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உன்னிச்சைக் குளத்து வான் கதவு திறந்தால் பள்ளப் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஏறும் என்று 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆட்டை எந்த மேட்டுக்கு, எந்த வழியால் கொண்டு போவது என்பதைக் காய்ந்த காலத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்போக (மாரி நெல்) ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி முடிவானால் மாட்டுக்காரர்கள் பட்டிகளை மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆட்டுக்கு அந்த வழி இல்லை, அது வளவுக்குள்தான். ஒரு வரம்பைத் தாண்டிப் போய்ப் பிறர் வயலில் வாய் வைத்தால் சொந்தக்காரரோடும் பகை. விதைத்த பிறகு நான் வரம்புப் புல்லை நம்பி இருப்பதில்லை. வயலுக்குக் களைநாசினி அடித்தால் வரம்புக்கும் தெறிக்கும். எங்கள் பக்கத்து வயல்கார அண்ணன் அடிக்கிற நாளில் வேலியடியில் நின்று, "தங்கச்சி, இந்தக் கிழமை இந்தப் பக்கம் புல்லு வெட்டாத" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரோடு வேலித் தகராறு வராமல் பார்த்துக்கொள்கிறேன். வெட்டுக் காலத்தில் வேறு ஆபத்து: நெற்குவியலில் ஆடு வாய் வைத்தால் வயிறு நிறையும்வரை நிறுத்தாது. நெல் வயிற்றில் புளித்து, ஆடு அடுத்த நாளே செத்தும் போகலாம். சூடு (அறுத்த நெற்கதிர்க் குவியல்) கிடக்கிற நாட்களில் கட்டிப் போடுங்கள்.

ஆட்டால் நிலத்துக்கு வருகிற வரவை இறைச்சிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. எங்கள் மண் மணல் கலந்தது, தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. ஆட்டுப் பிழுக்கை மாட்டெருவைவிடச் செறிவானது. பரணுக்குக் கீழே இழுத்துக் குழியில் போட்டு, இலைக் குப்பையோடு அடுக்கி, இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டுக் கத்தரிக்கும் பயற்றைக்கும் போடுகிறோம். மக்காமல் போட்டால் களை விதைகள் அப்படியே முளைக்கும். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது, இதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் எல்லாம் சாக்கோடு வந்து நின்றார்கள். அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பிழுக்கையை வீதியில் கொட்டுகிறவர்கள் இல்லை.

விற்பனையில் பெரிய நாள் ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானுக்கு (பெருநாள் பலிக்கு) ஆடு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும், குருடு, நொண்டி, நோய் எதுவும் இருக்கக் கூடாது. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வருகிறவர்கள் வாயைத் திறந்து பல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். முன்னால் இரண்டு பால் பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் வயது சரி. 2024 பெப்ரவரியில் பிறந்த கிடாய்க்கு 2025 ஜூன் பெருநாளில் பதினாறு மாதம், நல்ல உடம்பு. பெருநாள் வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே வருகிறது. 2035 அளவில் பெப்ரவரிப் பக்கம் வந்துவிடும், அப்போது இந்தப் பிறப்பு மாதக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

கண்மட்டத்தில் விலை பேசாதீர்கள். தூக்குத் தராசு ஒன்று வாங்கி மரத்தில் கட்டுங்கள். உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இறைச்சி வரும். 30 கிலோ ஆட்டில் 13, 14 கிலோ. அன்றைய இறைச்சி விலை தெரிந்தால் உங்கள் ஆட்டின் விலையை நீங்களே சொல்லலாம். எங்களிடம் வழமையாக ஆடு வாங்க வருகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் அழைப்போம்) தராசைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே, "பிள்ள, தராசைக் கொண்டு வா, பேச்சு மிச்சம்" என்கிறார்.

அவர் கண் எப்போதும் எங்கள் கறுப்பு மறிமேல்தான், இரட்டைக் குட்டி போடுகிறது, நல்ல பாரம். கேட்கிற விலையும் நல்ல விலைதான். நான் கொடுப்பதில்லை. மறி என் வளவை விட்டுப் போவது மூன்று காரணத்துக்கு மட்டும்: மடி வீங்கி ஒரு பக்கப் பால் நின்றுபோனால், பல் தேய்ந்து குழை கடிக்க முடியாமல் போனால், இரண்டு ஈற்றிலும் குட்டியை ஏற்க மறுத்து முட்டித் தள்ளினால். மூன்றாவது குணத்தை மகளும் எடுத்துக்கொள்வதை எங்கள் ஆடுகளில் கண்டிருக்கிறேன். அந்த வயிற்றுப் பெட்டைக் குட்டியையும் நான் வைத்திருப்பதில்லை.